கம்பத்துப் பிள்ளைக்கு வாசிப்பு எப்படி வாய்த்தது?

சிங்கப்பூரில் பிள்ளைகளின் வாசிப்பு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாதம் கூடவே வந்துவிடும். "அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தோம். அப்பாவுக்குத் தோட்டத்தில் கூலி வேலை, வீட்டில் ஆறேழு பிள்ளைகள், புத்தகம் வாங்கக் காசு ஏது? அப்படியும் வாசித்தோம். இன்றைக்கு எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே நூலகம், எல்லாமே இலவசம். பிள்ளைகள் ஏன் தொடமாட்டேன் என்கிறார்கள்?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குள் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. வறுமை ஒரு பிள்ளையை வாசகனாக்குமா என்பது ஒன்று. புத்தகம் எங்கோ இருப்பதற்கும் அது பிள்ளையின் கைக்கு வந்து சேர்வதற்கும் நடுவே என்னென்ன நிற்கின்றன என்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்த்தால், பழைய கம்பத்துப் (கிராமக் குடியிருப்புப்) பிள்ளைக்கு நாம் நினைப்பதைவிடச் சில வசதிகள் கூடுதலாக இருந்தது தெரியவரும். அந்த வசதிகள் புத்தக அலமாரியில் இருக்கவில்லை.

வாசிப்பின் மூன்று நிலைகள்

வாசிப்பு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று நிலைகள் உண்டு.

1. எழுத்தறிதல்: எழுத்தைப் பார்த்ததும் அதன் ஒலி நினைவுக்கு வருவது. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. வடிவங்களுக்குள் ஒழுங்கு இருந்தாலும், 26 எழுத்து ஆங்கிலத்தைவிட இங்கே மனத்தில் பதிய வேண்டியவை அதிகம்.

2. சரளம்: எழுத்துக்கூட்டாமல், கண் போகும் வேகத்தில் சொல்லைப் பிடிப்பது.

3. விருப்பம்: யாரும் சொல்லாமலே தானாக ஒரு புத்தகத்தை எடுப்பது.

இரண்டாவது நிலையைத் தாண்டாமல் மூன்றாவதுக்குப் போக முடியாது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையின் கவனமெல்லாம் அடுத்த எழுத்திலேயே செலவாகிவிடும். கதையில் நரி என்ன தந்திரம் செய்தது என்று யோசிக்க மிச்சமிருக்காது. "என் பிள்ளைக்கு வாசிப்பில் ஆர்வமே இல்லை" என்று சொல்லப்படும் இடங்களில் பலமுறை நடப்பது இதுதான். ஆர்வம் பிறக்கும் இடத்துக்கே அந்தப் பிள்ளை இன்னும் போய்ச் சேரவில்லை.

1986-ல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு சிறிய கணக்காக எழுதினார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும், அந்த மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். 247 எழுத்தும் தெரிந்த பிள்ளைக்கு அந்தச் சொற்கள் பழக்கமில்லை என்றால் பக்கம் வெறும் சத்தம்தான்.

அதே ஆண்டில் கீத் ஸ்டானோவிச் என்ற உளவியலாளர் இன்னொன்றை விளக்கினார். தொடக்கத்தில் கொஞ்சம் நன்றாக வாசிக்கும் பிள்ளை அதிகம் வாசிக்கிறது, அதனால் அதன் சொல்வளம் பெருகுகிறது, அதனால் இன்னும் எளிதாக வாசிக்கிறது. தடுமாறும் பிள்ளை ஒதுங்குகிறது, ஒதுங்குவதாலேயே மேலும் பின்தங்குகிறது. "உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படும்" என்ற மத்தேயு நற்செய்தி வசனத்தை வைத்து இதற்கு மத்தேயு விளைவு என்று பெயர் வந்தது. ஏழு வயதில் இருக்கும் சின்ன இடைவெளி பன்னிரண்டு வயதில் பெரிய பள்ளமாவது இப்படித்தான்.

கம்பத்தில் என்ன இருந்தது

சரி, 1962-ல் சிங்கப்பூரின் வடக்கே செம்பவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டக் குடியிருப்பில் பத்து வயதுப் பிள்ளை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக வைத்துக்கொள்ளும் பிள்ளைதான். ஆனால் அதன் சூழலில் கற்பனை எதுவும் இல்லை. பெற்றோர் இருவரும் விடியும் முன்பே பால்வெட்டப் போய்விடுவார்கள். தண்ணீர் சுமக்க வேண்டும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரின் ஊர்ப்புறங்களுக்கு மின்சாரம் பரவலாக வந்ததே 1960-களில்தான்.

இந்தப் பிள்ளைக்கு இல்லாதவை எல்லோருக்கும் தெரியும். இருந்தவற்றைத்தான் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலாவது, காலை முதல் இரவு வரை காதில் விழுந்தது தமிழ். காஃபும் டன்மரும் சொன்ன பெருக்கலில் ஒரு பாதி செலவில்லாமல் கிடைத்துவிட்டது. இரண்டாவது, தோட்டத்திலும் கடற்படைத் தளத்திலும் துறைமுகத்திலும் தமிழர்கள் கூட்டமாக வாழ்ந்ததால் அச்சிட்ட தமிழ் ஏதோ ஒரு வழியில் வந்து சேர்ந்தது. கோ. சாரங்கபாணி 1935-ல் தொடங்கிய தமிழ் முரசு கடைகளிலும் சங்கங்களின் படிப்பகங்களிலும் கை மாறிக் கை மாறிப் படிக்கப்பட்டது. 1950-களில் அந்த நாளிதழ் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியைத் தொடங்கிப் பிள்ளைகளின் எழுத்தையும் அச்சேற்றியது. தன் வயதுப் பிள்ளை ஒன்றின் பெயரை அச்சில் பார்ப்பது வாசிக்கத் தூண்டும் விஷயம்.

மூன்றாவதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். அந்தப் பிள்ளையின் வாசிப்பைக் கேட்க ஆள் இருந்தது, அதுவும் அவசியத்தோடு. தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்கு எழுத்துத் தெரியாது. தஞ்சாவூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கடிதம் வந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டுத்தான் படிக்கச் சொல்வார்கள். "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி, யாருக்குக் கல்யாணம், யார் தவறிப்போனார்கள், எந்த மாடு கன்று போட்டது, எவ்வளவு பணம் அனுப்ப வேண்டும் என்பது வரை பிள்ளை சத்தமாக வாசிக்கும். ஒரு முறை போதாது. பாட்டி "திரும்பப் படி" என்பார். அப்புறம் பக்கத்து வீட்டு அத்தை வந்ததும் மறுபடியும் படிக்க வேண்டும். பதில் எழுதுவதும் அதே பிள்ளையின் வேலை.

இன்றைய ஆசிரியர்கள் சரளத்தை வளர்க்கக் கையாளும் வழிகளில் ஒன்று, ஒரே பகுதியைக் கேட்பவர் முன்னால் பலமுறை சத்தமாக வாசிக்கச் செய்வது. தோட்டத்துப் பாட்டி அதே பயிற்சியைத்தான் தன்னையறியாமல் கொடுத்துக்கொண்டிருந்தார். பேச்சில் வராத எழுத்துத் தமிழும் அந்தக் கடிதங்கள் வழியே பழகிப்போனது. எழுத்துத் தெரிந்த பிள்ளைக்கு வீட்டில் தனி மரியாதையும் கிடைத்தது. பெரியவர்களின் எழுத்தறியாமை என்ற ஒரு கஷ்டம், பிள்ளையின் வாசிப்புக்குத் தேவையை உண்டாக்கியது. வறுமையால் கிடைத்த நன்மை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்ட முடியும். அதுவும் தற்செயலாகக் கிடைத்தது.

புத்தகம் வண்டியேறி வந்தது

கேட்க ஆள் இருந்தால் சரளம் வரும். விருப்பம் வளர வேண்டுமானால் புதுப்புதுப் புத்தகம் வேண்டும். கடிதத்தையும் செய்தித்தாளையும் வைத்துக்கொண்டு வெகுதூரம் போக முடியாது.

1950-கள் வரை சிங்கப்பூரின் பெரிய நூலகம் என்றால் ராஃபிள்ஸ் நூலகம். சந்தா கட்டியவர்களுக்கான இடம் அது, நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலம். 1953-ல் தொழிலதிபர் லீ கொங் சியான் புதிய நூலகக் கட்டடத்துக்கு 3,75,000 வெள்ளி தருவதாகச் சொன்னபோது ஒரு நிபந்தனை வைத்தார்: நூலகம் எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், ஆசிய மொழி நூல்களையும் வளர்க்க வேண்டும். நகர நடுவே ஸ்டாம்ஃபோர்ட் சாலையில் அந்தக் கட்டடம் 1960 நவம்பரில் திறக்கப்பட்டது.

ஆனால் செம்பவாங்கிலிருந்து ஸ்டாம்ஃபோர்ட் சாலைக்குப் பத்து வயதுப் பிள்ளை தனியாக எப்படிப் போகும்? பஸ் காசு யார் தருவது? திருப்பிக் கொடுக்கும் நாளில் இன்னொரு முறை காசு? நூலகம் இலவசமாக இருந்தாலும் பயணம் இலவசம் இல்லை. அதனால்தான் அதே 1960-ல் நூலகம் ஒரு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர்ப்புறங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. குடியிருப்புப் பகுதியில் முதல் முழுநேரக் கிளை நூலகம் 1970-ல் குவீன்ஸ்டவுனில் வந்தது. கிளைகள் பெருகப் பெருக நடமாடும் சேவையின் தேவை குறைந்து, 1990-களின் தொடக்கத்தில் நின்றது. பிறகு 2008-ல் மோலி என்ற பேருந்தாகத் திரும்பி வந்தது.

இந்த யோசனைக்குத் தமிழ்நாட்டில் ஒரு முன்னோடி உண்டு. மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் 1931-ல் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டி ஒன்றை நடமாடும் நூலகமாக்கிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலக இயலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே 1931-ல்தான். அந்த விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நூலகத்துக்குள் புத்தகம் தேடும் நேரத்தைப் பற்றித்தான் அதை வழக்கமாக விளக்குவார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது வீட்டுக்கும் நூலகத்துக்கும் இடையிலுள்ள நேரத்தையும் சேர்த்ததுதான்.

வாசிக்காமல் போன உடன்பிறப்புகள்

"கஷ்டத்திலும் படித்தேன்" என்ற கதையில் இன்னொரு கோளாறு இருக்கிறது. அதைச் சொல்பவர் படித்து மேலே வந்தவர். படிக்க முடியாமல் போனவர் மேடையேறி அனுபவம் சொல்வதில்லை. மிஞ்சியவர்களை மட்டும் எண்ணி முடிவுக்கு வரும் இந்தத் தவற்றைப் புள்ளியியலில் தப்பிப் பிழைத்தோர் சாய்வு என்று சொல்லலாம்.

அப்படிப்பட்ட கதைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், ஓர் அக்கா வருவார். பெற்றோர் வேலைக்குப் போக, தம்பி தங்கையைக் குளிப்பாட்டி, சோறாக்கி, துணி துவைத்து, சில வருடங்களில் பள்ளிக்கூடத்தை விட்டவர். அதே வீடு, அதே வறுமை, அதே விளக்கு. தம்பிக்கு மாலையில் கிடைத்த ஒரு மணி நேரம் அக்காவின் உழைப்பிலிருந்து வந்தது. வறுமைதான் வாசகரை உருவாக்கும் என்றால் அந்த வீட்டின் ஆறு பிள்ளைகளும் வாசகர்களாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. நேரம் கிடைத்த பிள்ளை ஆனது, கிடைக்காத பிள்ளை ஆகவில்லை.

இன்றைய வாடகை வீட்டுப் பிள்ளை

இப்போது 2020-களுக்கு வருவோம். ஓரறை அல்லது ஈரறை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாடகை வீடு. அம்மா துப்புரவு வேலையில் ஷிஃப்ட் பார்க்கிறார், அப்பா பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். பக்கத்தில் நூலகம் இருக்கிறது, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உறுப்பியம் இலவசம், கடன் காலம் 21 நாள். கைப்பேசியிலேயே மின்னூல் கிடைக்கும். 1962-ன் பிள்ளை கனவிலும் காணாதவை. பிறகு எங்கே தடை?

1. நேரமும் அமைதியும். ஒரே அறையில் தொலைக்காட்சி, கைக்குழந்தை, இரவு வேலைக்குப் போகத் தூங்கும் அப்பா. மேசை கிடையாது. பெரிய பிள்ளைக்குச் சின்னதைப் பார்த்துக்கொள்ளும் வேலை இன்றைக்கும் உண்டு. அக்காவின் கதை அடுக்குமாடிக்கும் குடிவந்துவிட்டது.

2. பயம். புத்தகம் தொலைந்தால் பணம் கட்ட வேண்டும், தாமதமானால் அபராதம் என்ற நினைப்பே சில பெற்றோரை "எடுக்காதே, அங்கேயே பார்த்துவிட்டு வா" என்று சொல்ல வைக்கும். தொகை சிறிதுதான். ஆனால் மாதக் கடைசியில் சிறிய தொகை என்று எதுவும் இல்லை. அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோ, சிகாகோ நகரங்களின் பொது நூலகங்கள் 2019-ல் தாமத அபராதத்தை ஒழித்ததற்கு, அது ஏழை வீடுகளைத்தான் அதிகம் விரட்டுகிறது என்பது ஒரு காரணம்.

3. போட்டி. கம்பத்துப் பிள்ளைக்கு மழைநாள் மாலையில் செய்ய வேறு ஒன்றும் இருக்காது. இன்றைய பிள்ளையின் கையில் முடிவே இல்லாத காணொளி ஓடுகிறது. சரளம் வராத பிள்ளையிடம் புத்தகமும் கைப்பேசியும் கொடுத்தால் எது ஜெயிக்கும் என்று ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

4. கேட்க ஆள் இல்லை. இன்றைய பெற்றோருக்குத் தகவல் பெறப் பிள்ளை வாசித்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. வசதியான வீட்டில் பெற்றோர் படுக்கும்போது கதைப்புத்தகம் வாசிப்பது அந்த இடத்தை நிரப்புகிறது. ஷிஃப்ட் முடிந்து பத்து மணிக்கு வரும் அம்மாவிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

இந்த நான்கில் புத்தகத்தை இலவசமாக்குவதால் தீர்வது ஒன்றுகூட இல்லை. தேசிய நூலக வாரியம் இதை உணராமல் இல்லை. 2004-ல் அது தொடங்கிய கிட்ஸ்ரீட் திட்டத்தில், குறைந்த வருமானக் குடும்பங்களின் 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளோடு தொண்டூழியர்கள் அமர்ந்து வாசிக்கிறார்கள். பெட்டி பெட்டியாகப் புத்தகம் கொடுப்பதைவிட இது சரியான திசை என்பது என் கருத்து.

வீட்டில் புத்தகம் இருப்பதால் பயனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 27 நாடுகளின் தரவுகளை வைத்து 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, நிறையப் புத்தகம் உள்ள வீட்டில் வளரும் பிள்ளை, புத்தகமே இல்லாத வீட்டுப் பிள்ளையைவிடச் சராசரியாக ஏறத்தாழ மூன்று ஆண்டு கூடுதலாகக் கல்வி பெறுகிறது என்று காட்டியது. பெற்றோரின் படிப்பையும் தொழிலையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வேறுபாடு நின்றது. புத்தகமில்லாத வீட்டுக்குள் முதலில் வரும் சில புத்தகங்களுக்குத்தான் பலனும் அதிகம். ஆனால் அந்த வீடுகளில் புத்தகத்தோடு அதைப் பற்றிய பேச்சும் சேர்ந்தே இருந்தது. பேச்சைக் கழித்துவிட்டுப் புத்தகத்தை மட்டும் கொண்டுபோய் வைத்தால் அதே பலன் வரும் என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது.

தமிழில் வாசிப்பது தனிக் கதை

உலக அளவில் நான்காம் வகுப்பு மாணவர்களின் வாசிப்பை அளக்கும் பர்ல்ஸ் 2021 ஆய்வில் சிங்கப்பூர் 587 புள்ளிகளோடு முதலிடம். அப்படியானால் கவலை எதற்கு என்று தோன்றலாம். அது ஆங்கில வாசிப்பு, அதுவும் சராசரி. தமிழ் வாசிப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. தமிழ் தாய்மொழிப் பாடமாக, ஒரு பாடத்தின் நேர அளவுக்குள் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 5 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு, ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு. கம்பத்துப் பிள்ளைக்குச் செலவில்லாமல் கிடைத்த அந்தப் பாதி, காதில் விழும் தமிழ், இன்று பல வீடுகளில் பாதிக்குப் பாதிகூட இல்லை.

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கும் இன்னொரு படி இருக்கிறது. பேச்சில் "வந்துட்டான்", புத்தகத்தில் "வந்துவிட்டான்". பெரியவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொரு வரியிலும் இப்படி ஒரு சின்னத் தடுக்கல். படக்கதைப் புத்தகத்தில் சமாளித்துவிடும். அதற்கு அடுத்து, ஒன்பது பத்து வயதில், படம் குறைந்து பக்கம் கூடிய, ஆனால் மொழி கடினமாகாத தமிழ்ப் புத்தகங்கள் வேண்டும். தோ பாயோவிலோ ஈசூனிலோ நடக்கும் கதையாக இருந்தால் இன்னும் நல்லது. ஆங்கிலத்தில் இந்த வயதுக்கு அலமாரி அலமாரியாகத் தொடர் வரிசைகள் கிடைக்கின்றன. தமிழில் அந்த இடம் மெலிந்திருக்கிறது. தமிழில் சரளம் வரும் நேரத்தில் வாசிக்கப் பொருத்தமானது கிடைக்காமல், பிள்ளை ஆங்கிலத்துக்கு நகர்ந்துவிடும். அதில் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஊர்ப்புறம் கடலுக்கு அப்பால்

இன்றைய சிங்கப்பூரில் ரப்பர் தோட்டம் கிடையாது. ஆனால் இங்கே தமிழ் பேசுவோரில் பலருக்கு ஊர்ப்புறப் பிள்ளை உண்டு. கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்து தங்கும் விடுதியில் வாழும் ஊழியரின் மகனோ மகளோ புதுக்கோட்டைப் பக்கத்திலோ ராமநாதபுரத்துப் பக்கத்திலோ பள்ளிக்கூடம் போகிறது. வேலைக்கு வரக் கட்டிய பணத்தின் கடன் தீரும்வரை வீட்டில் நெருக்கடிதான்.

1948-ன் பொது நூலகச் சட்டமும் சொத்து வரியோடு வசூலிக்கும் நூலக வரியும் தமிழ்நாட்டில் கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று ஒரு பெரிய வலையை உருவாக்கியிருக்கின்றன. ஆகவே அந்தப் பிள்ளைக்கும் புத்தகம் ஓரளவு எட்டும் தூரத்தில் இருக்கலாம். போனது கடிதம். முன்பு அப்பாவிடம் பேச வேண்டுமானால் எழுத வேண்டும், அப்பா சொல்வதை அறிய வாசிக்க வேண்டும். இப்போது காணொளி அழைப்பு. முகம் பார்த்துப் பேசுவது கடிதத்தைவிட எவ்வளவோ மேல், அதை யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. அதனால் குறைந்த வாசிப்பை அதே அழைப்பில் திரும்பக் கொண்டுவர முடியும். இரவு அழைப்பில் "சாப்டியா, படிச்சியா" முடிந்ததும் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்பவர் அதிகம் படித்திருக்க வேண்டியதில்லை. திருத்தவும் வேண்டாம். தோட்டத்துப் பாட்டிக்கு எழுத்தே தெரியாது.

திட்டங்களை எடைபோட நான்கு கேள்விகள்

புதிய வாசிப்புத் திட்டம் ஒன்று அறிவிக்கப்படும்போது, எத்தனை புத்தகம் வழங்கப்பட்டது என்ற எண்தான் செய்தியில் முன்னே நிற்கும். அதைவிடக் கேட்க வேண்டியவை இவை.

1. பிள்ளை வாசிக்கும்போது கூட உட்கார்வது யார்? ஒரே ஆள் வாராவாரம் வருவாரா, ஒவ்வொரு முறையும் புது முகமா?

2. எங்கே, எந்த நேரத்தில் நடக்கிறது? பெற்றோர் கொண்டுவந்து விட்டுக் கூட்டிப்போக வேண்டும் என்றால், ஷிஃப்ட் வேலைக் குடும்பம் தானாகவே கழிந்துவிடும். புளோக்கின் கீழ்த்தளமோ மாணவர் பராமரிப்பு நிலையமோ பரவாயில்லை.

3. புத்தகம் கிழிந்தால், தொலைந்தால் என்ன ஆகும்? இதற்கான பதிலை முதல் நாளே பெற்றோரிடம் அவர்கள் மொழியில் சொல்லியிருக்க வேண்டும்.

4. தம்பி தங்கையையும் கூட்டிக்கொண்டு வரலாமா? வரக்கூடாது என்று விதி இருந்தால், வீட்டில் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பிள்ளை வராது. அது பெரும்பாலும் பெண்பிள்ளையாக இருக்கும்.